மூன்றாம் ஞாயிறு வாசிக்கப்படாத ஓலை

போன மாதம் மல்வேர்னிலிருந்து ஒரு பிள்ளை எனக்கு டெலிபோன் எடுத்தாள். என் சிநேகிதியின் மகள். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றில் கலியாணம் செய்திருக்கிறாள். மாமனாரின் பரம்பரையைத் தேடித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டு இப்போது முழிக்கிறாள்.

"அன்ரி, பேரை டைப் பண்ணிப் பாத்தன். ஒண்டும் வரேல்லை. அப்பிடி ஒரு மரேஜே நடக்கேல்லைப் போல."

"எங்க பாத்தனி?"

"கொம்பியூட்டரிலதான்."

"கொம்பியூட்டரில எங்க?"

 எனக்குக் கோபம் ஏறிவிட்டது. காணவில்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றா? இந்த வித்தியாசத்துக்காக நான் உத்தியோகம் பார்த்த காலம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறேன். கணினியைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாங்கள் கண் எரியத் தேடியதை அது கண் மூடித் திறப்பதற்குள் தருகிறது, நன்றாக இருக்கட்டும். ஆனால் அது ஒன்றும் இல்லை என்றவுடன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்புகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கிய கதை டெலிபோனில் முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், விவாகப் பதிவுப் பகுதியில் நான் லிகிதராக இருந்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில் கணவரோடு ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். வெக்ஸ்போர்ட்டில் ஓர் அப்பார்ட்மெண்ட். கணவருக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் போன இடமெல்லாம் கனேடிய அனுபவம் உண்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் நகரின் நடுவே, சப்பாத்துத் தைக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த சிறிய கந்தோரில் வேலை கிடைத்தது. அங்கே கனேடிய அனுபவம் யாருக்கும் தேவைப்படவில்லை. இங்கிலாந்துக் கிராமங்களில் எப்போதோ செத்துப்போன மனிதர்களைத் தேடுவதுதான் வேலை.

கனடாவில் இருப்பவர்களுக்குத் தங்கள் பாட்டன் பூட்டன் எந்த ஊர், யாரை எப்போது கட்டினார் என்று தெரியவேண்டும். அந்த ஊர்ச் சேர்ச்சுகளின் பதிவேடுகளைப் படம்பிடித்து வைத்திருந்தார்கள். பிலிம் சுருள்கள் சிறு பெட்டிகளில் தபாலில் வரும். இருட்டறையில் ஒரு யந்திரத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பக்கம் பக்கமாக வெளிச்சத்தில் ஓடும். வாசித்து அறிக்கை எழுதுவோம். முதல் வருடம் தலை சுற்றியது, பிறகு கண் பழகியது. பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

விவாகப் பதிவேடு என்பது அச்சடித்த புத்தகம். பெயர், வயது, தொழில், இருப்பிடம், தகப்பன் பெயர், தகப்பன் தொழில் என்று கட்டங்கள். கீழே மணமக்கள் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் ஒரு சிலுவைக் குறி போடுவார்கள். அதற்கும் கீழே இரண்டு சாட்சிகள். அந்தக் கிராமங்களில் பாதிப்பேர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களுடைய தகப்பன்மாரும் கூலிகள்தான். சில இடங்களில் தகப்பன் பெயருக்கு உரிய கட்டத்தில் பெயர் இராது, ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கும். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்பது அன்று சேர்ச்சில் நின்ற எல்லோருக்கும் தெரியும். நூறு வருடம் கழித்து வாசித்த எனக்கும் தெரியும்.

எங்கள் மேலதிகாரி மிஸ் தோர்ன்லி. இங்கிலாந்தில் பிறந்தவர், தனிக்கட்டை, எந்தக் காலத்திலும் சாம்பல் நிறக் கார்டிகன். வேலைக்குச் சேர்ந்த அன்று என் முழுப்பெயரையும் எழுதித் தரச் சொன்னார். பரமேஸ்வரி ஏகாம்பரநாதன். அடுத்த நாள் காலை ஓரெழுத்துப் பிசகாமல் சொல்லிக் கூப்பிட்டார். "பெயர்களை வைத்துப் பிழைப்பவர்கள் நாம், பெயரைக் கொல்லக் கூடாது" என்றார். ரொறன்ரோவில் வேறு யாரும் எனக்குச் செய்யாத மரியாதை அது. அதற்காகவே அவருடைய மற்றக் கொடுமைகளைப் பொறுத்துக்கொண்டேன்.

கொடுமைகள் என்றால் விதிகள். பேனா கூடாது, பென்சில் மட்டும். தேடுகிற பெயரை மட்டும் தேடித் தாவக் கூடாது, முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை ஒன்றும் விடாமல் வாசிக்கவேண்டும். ஒருவர் வாசித்து முடித்ததும், அவர் குறிப்பைப் பார்க்காமல் இன்னொருவர் முழுவதையும் மறுபடி வாசிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி, அறிக்கையில் "இல்லை" என்ற சொல்லே வரக் கூடாது. "இந்தச் சேர்ச்சின் இந்தப் பதிவேட்டில், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை, காணப்படவில்லை" என்றுதான் எழுதவேண்டும். வேலை நன்றாக இருந்தால் மிஸ் தோர்ன்லி "இன்னொரு முறை பாருங்கள்" என்பார். மோசமாக இருந்தாலும் அதையேதான் சொல்வார். எது எதற்கு என்று கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் எடுத்தது.

இனி எடித் வெப்பின் கதைக்கு வருகிறேன்.

ஒரு குளிர்காலத்தில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள அஜக்ஸிலிருந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர், கலியாணம் ஆகாதவர், குள்ளமான உருவம், நிமிர்ந்த முதுகு. கூடவே வோல்டர் என்ற உயரமான கிழவர் ஒருவர் வந்து, உள்ளே வராமல் நடையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எடித் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அந்தப் பேச்சில் இருந்த வெட்டு எங்கள் ஊர்ப் பெண்களின் பேச்சில் இருப்பதுதான், என் நினைவிலும் அவர் அப்படித்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன். மிஸ் தோர்ன்லிக்கு மட்டும் எழுத்துத் தமிழ்தான் பொருந்தும். அவருடைய ஆங்கிலம் அப்படி.

எடித் இங்கிலாந்தில் அநாதை விடுதி ஒன்றில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே மற்றப் பிள்ளைகளோடு கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்ராறியோவில் ஒரு பண்ணையில் மாடு பார்த்து, பாத்திரம் கழுவி வளர்ந்தார். விடுதிக்காரர் கொடுத்த பழைய தாள் ஒன்றை மேசையில் வைத்தார். தாய் ஹன்னா வெப், இன்ன கிராமம், வேலைக்காரி. பிள்ளை பிறந்த அடுத்த குளிரில் இறந்துபோனாள். தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு.

"பண்ணைக்காரி எனக்கு என்ன சொல்லுவா தெரியுமே? உன்ர கொம்மாவுக்கே ஆர் எண்டு தெரியாது எண்டு சொல்லுவா. நான் பேசாம மாட்டுக்குப் புல்லுப் போடப் போவன்."

பிறகு நடையில் நின்றவரைக் காட்டினார்.

"வோல்டர் பக்கத்து வீடு. மனுசி செத்துக் கன காலம். என்னைக் கலியாணம் செய்யச் சொல்லிக் கேட்டவர், நானும் ஓம் எண்டிட்டன். பாதிரியார் ஒரு போம் காட்டினவர், அதில தகப்பன்ர பேர் கேட்டுக் கிடக்கு. ஆஸ்பத்திரியில கோடு போட்டன். பென்சன் எடுக்கேக்கையும் கோடு போட்டன். கலியாணத்துக்குக் கோடு போட மாட்டன்."

"கிடைக்காமலும் போகலாம், மிஸ் வெப்" என்றார் மிஸ் தோர்ன்லி.

"அப்ப கலியாணமும் இல்லை."

நடையில் வோல்டர் இருமினார். அந்த இருமலைக் கேட்டபோதுதான் இவர்களிடம் காலம் அதிகம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

கிராமத்து விவாகப் பதிவேட்டை நான் வாசித்தேன். எடித் பிறந்ததற்கு முன்னும் பின்னும் பல வருடம், ஒரு பதிவு விடாமல். ஹன்னா வெப் என்ற பெயரே வரவில்லை. மிஸ் தோர்ன்லி இரண்டாவது வாசிப்பைச் செய்தார். அவருக்கும் வரவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தை எடித் இருந்தாள், தகப்பன் இடத்தில் அதே கோட்டோடு. விதிப்படி அறிக்கை எழுதித் தபாலில் போட்டோம். மற்ற வாடிக்கையாளர் என்றால் கதை அங்கே முடிந்திருக்கும். எடித் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப வந்துவிட்டார்.

"விவாகப் பதிவேட்டில காணப்படேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். இல்லை எண்டு எழுதேல்லை. அப்ப நீங்கள் பாக்காத இடம் எது?"

எனக்கு எழும்பிக் கை தட்டவேண்டும் போல இருந்தது. இத்தனை காலத்தில் எங்கள் அறிக்கையை அப்படி வாசித்த வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

பார்க்காத இடம் ஒன்று இருந்தது. இங்கிலாந்துச் சேர்ச்சில் கலியாணத்துக்கு முன் இருவர் பெயரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் இதை ஓலை வாசிக்கிறது என்பார்கள். வாசித்த ஓலைகளுக்குத் தனிப் புத்தகம் உண்டு. அதை எங்கள் கந்தோரில் எடுப்பிப்பதில்லை. ஓலை வாசித்தவர்கள் எப்படியும் விவாகப் பதிவேட்டில் வந்துவிடுவார்கள், அதைப் பார்த்தாலே போதும் என்பது வழக்கம்.

எனக்கு அது போதாது என்று பட்டது. கச்சேரியில் விவாக அறிவித்தலைப் பலகையில் ஒட்டுகிற வேலை என்னுடையது. ஒட்டிய எல்லாம் கலியாணத்தில் முடியவில்லை. பெண்ணின் அண்ணன்மார் வந்து கிழித்தெறிந்த நோட்டீசுகளை நான் நிலத்திலிருந்து பொறுக்கியிருக்கிறேன். எடித் போனதும் மிஸ் தோர்ன்லியிடம் ஓலைப் புத்தகத்தின் பிலிமை எடுப்பிக்கவேண்டும் என்றேன்.

"வாசித்த ஓலை கலியாணம் ஆகாது. அந்த அம்மாவுக்கு நான் வெறும் நம்பிக்கையைக் கொடுக்கமாட்டேன்."

"நம்பிக்கை கொடுக்கச் சொல்லவில்லை, மிஸ் தோர்ன்லி. பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது என்கிறேன். உங்கள் விதிதான்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். கடைசியில் மேசை லாச்சியைத் திறந்து, பிலிம் எடுப்பிக்கிற துண்டைத் தன் கையாலேயே நிரப்பினார்.

வீட்டில் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"எங்கட ஆக்களின்ர கலியாணத்தைப் பேசி முடிக்கவே நேரமில்லை. இவ செத்த வெள்ளைக்காரற்ற கலியாணம் பேசுறா."

"செத்தவைக்கில்லை. அஜக்ஸில உயிரோட ரெண்டு பேர் இருக்கினம்."

"அவைக்கு இந்த வயசில கலியாணம் என்னத்துக்கு?"

"அதை அவையிட்ட போய்க் கேளுங்கோ" என்று சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

பிலிம் வரப் பனிக்காலம் முடிந்துவிட்டது. ஓலைப் புத்தகம் விவாகப் பதிவேட்டைவிட எளிமையானது. ஒரு சோடிக்கு ஒரு வரி. பெயர்கள், பிறகு முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு. ஒவ்வொன்றின் எதிரிலும் வாசித்த பாதிரியாரின் சின்னக் கையெழுத்து. மூன்று கையெழுத்தும் ஒழுங்காக இறங்கிக்கொண்டே போகும். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நிறுத்தினேன். ஜோசப் ரீட், கலியாணம் ஆகாதவன், வயல் கூலி. ஹன்னா வெப், கலியாணம் ஆகாதவள். இருவரும் இவ்வூர். முதல் ஞாயிறு, கையெழுத்து. இரண்டாம் ஞாயிறு, கையெழுத்து. மூன்றாவது இடத்தில் கையெழுத்து இல்லை. அதன் குறுக்கே சிறிய எழுத்தில் ஒரு வசனம். பெண்ணின் தகப்பன் சேர்ச்சில் எல்லோர் முன்னாலும் எழும்பித் தடை சொன்னார், பெண்ணுக்கு இன்னும் இருபத்தொரு வயது ஆகவில்லை, தனக்குச் சம்மதம் இல்லை என்று.

திகதியைப் பார்த்தேன். அந்த ஓலை வாசித்தது வசந்தத்தில். எடித் பிறந்தது அதே வருடம் இலையுதிர் காலத்தில். வயிற்றில் பிள்ளையோடு ஹன்னா அந்தச் சேர்ச்சில் உட்கார்ந்திருந்திருப்பாள், முன்னால் தகப்பன் எழும்பியிருப்பான். இருட்டறையில் தனியாக இருந்து அந்தக் கிழவனை நல்ல தமிழில் திட்டினேன். இப்போதும் திட்டுவேன்.

மிஸ் தோர்ன்லியைக் கூப்பிடவில்லை, விதி விதிதான். அவர் தானாக இரண்டாவது வாசிப்புக்கு உட்கார்ந்தார். வெகுநேரம் கைப்பிடிச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆம்" என்றார். இன்னொரு முறை பாருங்கள் என்று சொல்லவில்லை.

ஓடிப்போய் வேறு ஊரில் கட்டியிருப்பார்களோ என்று அயல் கிராமங்கள், பக்கத்துப் பட்டணம் எல்லாவற்றின் பதிவேடுகளையும் எடுப்பித்து வாசித்தோம். ஹன்னாவுக்கு அடுத்த குளிர் வரைதான் ஆயுள் என்பதால் தேடவேண்டிய காலம் குறுகியது. எங்கும் காணவில்லை. ஜோசப் ரீட் அதன்பிறகு என்ன ஆனான் என்பதும் கடைசிவரை தெரியவரவில்லை.

அறிக்கை எழுதுகிறபோதுதான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. மிஸ் தோர்ன்லி எழுதியது இது. உங்கள் தாயைக் கலியாணம் செய்யும்படி ஜோசப் ரீட்டின் பெயர் நீங்கள் பிறந்த வருடம் இரண்டு ஞாயிறு பகிரங்கமாக வாசிக்கப்பட்டது, மூன்றாவது தடுக்கப்பட்டது, இவர் உங்கள் தகப்பன் என்பதற்கு இது நிரூபணம் அல்ல.

"அந்தக் கடைசி வசனத்தை எடுங்கள்" என்றேன். "மிஸ் வெப் நல்ல செய்திக்காகக் காத்திருக்கிறார். மூஞ்சியில் அடிக்கவேண்டுமா?" கொழுப்பெடுத்த கிழவி என்று நான் தமிழில் முணுமுணுத்தது தன்னைத்தான் என்று மிஸ் தோர்ன்லிக்கு விளங்கவில்லை.

"அதை எடுத்தால் முதல் வசனத்தையும் யாரும் நம்பமாட்டார்கள், பரமேஸ்வரி."

அன்று எனக்கு அது ஈவிரக்கமில்லாத பேச்சாகப் பட்டது. வேலையில் இருந்த மிச்சக் காலம் முழுவதும் நானும் அந்த மாதிரி வசனத்தை விடாமல் எழுதினேன். ஆனால் அந்த அறிக்கையைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை.

சனிக்கிழமை கணவர் என்னை 401 நெடுஞ்சாலை வழியாக அஜக்ஸுக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க புறுபுறுப்பு. எடித்தின் வீடு சின்னது, படு சுத்தம். வோல்டர் சமையலறையில் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எடித் அறிக்கையை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் வாசித்தார்.

"உந்தக் கிழவன் கோயிலுக்குள்ள எழும்பி நிண்டவனே? எல்லாச் சனத்துக்கும் முன்னால?"

"ஓம்."

"அம்மா அங்க இருந்திருப்பாவே?"

"தெரியாது. இருந்திருக்கலாம்."

"அவர்? ஜோசப்?"

"அவரும் இருந்திருக்கலாம்."

எடித் யன்னலைப் பார்த்தபடி இருந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. முகம் சிவந்து வந்தது. "ஆர் எண்டே தெரியாது எண்டு சொன்னாளே அந்தப் பண்ணைக்காரி" என்றார். "ரெண்டு ஞாயிறு ஊருக்கே கேக்க அவற்ற பேரும் அம்மாவின்ர பேரும் சேத்து வாசிச்சிருக்கினம். ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியேல்லை."

நான் நேர்மையாக இருக்கவேண்டும் என்று கடைசி வசனத்தைத் தொட்டுக் காட்டினேன். நிரூபணம் இல்லை என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"வாசிச்சனான். போமில தகப்பன்ர பேர் என்ன எண்டுதானே கேட்டுக் கிடக்கு? நிரூபிக்கச் சொல்லிக் கேக்கேல்லையே."

லாச்சியிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து, எங்கள் முன்னாலேயே ஜோசப் ரீட் என்று எழுதினார். வோல்டர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்ப திங்கக்கிழமை போய்க் கலியாண லைசென்ஸ் எடுப்பம்" என்றார். பாவம், மனிதன் எத்தனை மாதம் காத்திருந்தார்.

"லைசென்ஸ் வேண்டாம்" என்றார் எடித். "இஞ்சையும் சேர்ச்சில ஓலை வாசிச்சுக் கலியாணம் செய்யலாம். சட்டம் இருக்கு, பாதிரியார் சொன்னவர். மூண்டு ஞாயிறும் வாசிக்கட்டும். ஆர் எழும்புறான் எண்டு பாப்பம்."

"எங்கட வயசுக்கு ஆர் எழும்பப் போறான்? டொக்டர்தான் எழும்புவார்" என்றார் வோல்டர். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். திரும்பி வருகிறபோது அவர் புறுபுறுக்கவில்லை.

முதல் இரண்டு ஞாயிறும் நான் போகவில்லை. ஹன்னாவுக்கு அவை கிடைத்தவைதானே. மூன்றாம் ஞாயிறு போனேன். காஞ்சிபுரம் சேலை உடுத்துக்கொண்டேன். கணவர் கேட்காமலே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். சிறிய சேர்ச், பாதிதான் நிறைந்திருந்தது. உட்காருகிற வாங்குகளில் கடைசியில் சாம்பல் நிறக் கார்டிகன் ஒன்று தெரிந்தது. வாடிக்கையாளர் ஒருவரையும் கந்தோருக்கு வெளியே பார்க்காத மிஸ் தோர்ன்லி தனியாக வந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாதிரியார் இளம் வயதுக்காரர். வோல்டரின் பெயரையும் எடித் வெப்பின் பெயரையும் வாசித்து, மூன்றாவதும் கடைசியும் இது, தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார். வழக்கம்போல ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார்.

முன் வாங்கிலிருந்து எடித் எழும்பினார். பாதிரியார் திகைத்து நின்றுவிட்டார். எடித் அவர் பக்கம் பார்க்கவில்லை. முழுதாகப் பின்னால் திரும்பி, வாங்கின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சேர்ச்சில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் வரிசை வரிசையாகப் பார்த்தார். வோல்டர் எடித்தின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"என்ன செய்யிறா உவ?" என்றார் கணவர் என் காதுக்குள்.

"பாக்கிறா. பேசாம இருங்கோ."

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். எடித் கடைசி வாங்கு வரை பார்த்து முடித்தார். ஒருவரும் எழும்பவில்லை. அதன்பிறகுதான் அவர் பாதிரியார் பக்கம் திரும்பினார்.

"சரி, இனி நடத்துங்கோ" என்றார்.